கொரோனாவில் டயாலிசிஸ் செய்து மீண்டவருக்கு இப்போது கிரியேட்டினின் 1.8: வைரஸ் காரணமா, ஊசி காரணமா?

கேரள எல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. அவருடைய அப்பாவுக்கு வயது 61. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. 2021 மே மாதம், இரண்டாம் அலையின்போது, மூச்சுத்திணறலுடன் கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். ரெம்டெசிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு ஊசி, ஸ்டீராய்டு, வென்டிலேட்டர் எல்லாம் ஆயின. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்த அளவான கிரியேட்டினின் 5.8 வரை ஏறியதால் நான்கு முறை டயாலிசிஸ் செய்தார்கள். கருப்புப் பூஞ்சை வரவில்லை. வீடு திரும்பிய நாளில் கிரியேட்டினின் 1.3 என்று இருந்ததால், கிட்னி பழையபடி ஆகிவிட்டது என்று நம்பி அதன் பிறகு யாரும் அதைப் பார்க்கவில்லை. இப்போது வேறு காரணத்துக்காக ரத்தம் எடுத்தபோது 1.8 என்று வந்திருக்கிறது. நாட்பட்ட சிறுநீரக நோய், மூன்றாம் நிலை என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். கிட்னியைக் கெடுத்தது வைரஸா ஊசியா, குணமான கிட்னி ஏன் மறுபடி கெட்டது, மீண்டும் டயாலிசிஸ் வருமா, உறவினர் ஒருவர் சொல்வதுபோல் இப்போதே கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைக்கும் அறுவை) வைத்துக்கொள்ள வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். இவை எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: அன்று வந்த 1.3 என்ற எண்ணை நம்பியிருக்கலாமா? அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் சிறுநீரக மருத்துவர். கொரோனாவின் இரண்டு ஆண்டுகளும் கோவையில் கொரோனா தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தவர்களில் ஒருவன். என்னிடம் வருபவர்களில் பலர் வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம் வழியாகக் கேரள எல்லையைத் தாண்டி வருகிறவர்கள். உங்கள் அப்பாவின் காகிதங்களை நான் பார்க்கவில்லை. ஆகவே கீழே சொல்வதில் பொதுவாக உறுதியானது எது, அவருடைய விஷயத்தில் ஊகம் மட்டுமே எது என்பதை அங்கங்கே பிரித்துச் சொல்கிறேன்.

கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. சிறுநீரகம் அதை வெளியேற்றும் வேகம் குறைந்தால் ரத்தத்தில் அதன் அளவு ஏறும் என்பது எல்லோருக்கும் தெரியும்; தசையே கரைந்துபோனால் உற்பத்தி குறைந்து அந்த எண் தானாக இறங்கும் என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. வாரக்கணக்கில் படுக்கையில் கிடந்து, வென்டிலேட்டரில் இருந்து, கூடவே ஸ்டீராய்டும் ஏறிய உடம்பு எப்படி ஆகும் என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அன்று டிஸ்சார்ஜ் ஆன பலருடைய தொடையை இரண்டு கையாலும் வளைத்துப் பிடித்துவிட முடிந்தது; வேட்டி இடுப்பில் நிற்காமல் பெல்ட் போட்டுக்கொண்டுதான் வண்டியில் ஏறினார்கள். அப்படிப்பட்ட உடம்பில் 1.3 என்று வரும் எண்ணும், தோட்டத்தில் வேலை செய்து நன்றாகச் சாப்பிடும் உடம்பில் 1.3 என்று வரும் எண்ணும் ஒன்றல்ல. முதலாவதில் சிறுநீரகத்தின் திறன், அந்த எண் காட்டுவதைவிடக் கணிசமாகக் குறைவாக இருந்திருக்கலாம். பிறகு ஓராண்டில் அவர் தேறி, எடை கூடி, தசை திரும்பியிருப்பார். சிறுநீரகத்தில் புதிதாக எதுவும் கெடாமலேயே அந்த எண் 1.5, 1.6 என்று ஏறியிருக்கக் கூடும். எனவே குணமான கிட்னி மறுபடி கெட்டது என்று சொல்வதைவிட, முழுமையாக மீளாத சிறுநீரகம் அன்று மீண்டதுபோல் தெரிந்தது என்று சொல்வதே, குறைந்தபட்சம் ஓரளவுக்கு, உண்மைக்கு அருகில் இருக்கும். எந்த அளவுக்கு என்பதை இடைப்பட்ட ஆண்டுகளின் பரிசோதனைச் சீட்டுகள் இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது.

இனி, அன்று என்ன நடந்தது என்பதற்கு வருகிறேன். திடீர் சிறுநீரகப் பாதிப்பு என்பதற்கு உலகெங்கும் ஒரே இலக்கணம்தான்: 48 மணி நேரத்துக்குள் கிரியேட்டினின் 0.3 ஏறுவது, அல்லது ஏழு நாளுக்குள் அது ஒன்றரை மடங்காவது, அல்லது உடல் எடையில் கிலோவுக்கு 0.5 மில்லி லிட்டருக்கும் குறைவாக ஒரு மணி நேரச் சிறுநீர் ஆறு மணி நேரம் தொடர்ந்து இருப்பது. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு அந்தக் கணக்கு மணிக்கு 30 மில்லி. ஐ.சி.யூ.வில் சிறுநீர்ப் பையின் மேல் பகுதியில் கோடு போட்ட சிறிய பெட்டி ஒன்று இருக்கும். பாதுகாப்பு உடைக்குள் வியர்த்துக் கொட்டிக்கொண்டே செவிலியர்கள் மணிக்கொரு முறை குனிந்து அதைப் படித்து எழுதுவார்கள். 40, 25, 10 என்று அந்த எண்கள் இறங்கும்போதே எங்களுக்குத் தகவல் வந்துவிடும். கிரியேட்டினின் ஏறுவது அதற்கு ஒரு நாள் கழித்துத்தான் தெரியும்.

இந்தப் பாதிப்பு எத்தனை பேருக்கு வந்தது என்பதில் தொடக்கத்தில் பெரிய குழப்பம் இருந்தது. 2020 தொடக்கத்தில் வூகானிலிருந்து வந்த ஓர் ஆய்வில் 701 நோயாளிகளில் 5.1 சதவீதம் பேருக்குத்தான் இது வந்ததாகச் சொன்னார்கள். அதைப் படித்துவிட்டு, நுரையீரல் மட்டும்தான் பிரச்சினை என்று எங்களில் பலர் நினைத்தோம். சில மாதங்களில் நியூயார்க்கின் நார்த்வெல் மருத்துவமனைகள் 5,449 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டன: 36.6 சதவீதம். வென்டிலேட்டரில் இருந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 89.7 சதவீதம். நோயின் தீவிரமும், வயதும், யாரையெல்லாம் மருத்துவமனையில் சேர்த்தார்கள் என்பதும் இரண்டு இடங்களிலும் வேறுவேறு. அதனால் எண்களை நேராக ஒப்பிடக் கூடாது. ஆனால் வென்டிலேட்டருக்குப் போகும் அளவுக்கு நோய் முற்றியவர்களில் சிறுநீரகம் தப்புவது அரிது என்பது உறுதியாயிற்று.

அதற்கான காரணங்களில் பெரும்பாலானவை கொரோனாவுக்கு மட்டும் உரியவை அல்ல. காய்ச்சலில் சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல் ஐந்தாறு நாள் வீட்டில் கிடந்து உடம்பு வறண்ட நிலையில்தான் பலர் வந்து சேர்ந்தார்கள். நுரையீரலில் நீர் கோத்துவிடக் கூடாது என்று சலைனை அளந்துதான் கொடுக்க வேண்டியிருந்தது. நுரையீரலுக்கு நல்லதாக இருந்த அந்த வறட்சி சிறுநீரகத்துக்கு நல்லதாக இருக்கவில்லை. வென்டிலேட்டர் நெஞ்சுக்குள் கொடுக்கும் அழுத்தத்தால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும். உடம்பெங்கும் அழற்சி, நுண்ணிய ரத்த உறைவு, பிறகு சேரும் பாக்டீரியாத் தொற்று ஆகியவற்றையும் கூட்டிக்கொள்ளுங்கள். உறைவைப் பற்றிச் சொன்னால் வேறு எந்தக் காய்ச்சலிலும் நான் அப்படிப் பார்த்ததில்லை: தண்ணீரைச் சுத்திகரிக்கும் சிறிய ஆர்.ஓ. இயந்திரத்தைக் கட்டிலுக்குப் பக்கத்தில் உருட்டி வந்து நிறுத்தி, டயாலிசிஸைத் தொடங்கி ஒரு மணி நேரம்கூட ஆகாமல், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் கொடுத்தும், வடிகட்டியின் இழைகள் ஒவ்வொன்றாகக் கறுத்து ரத்தம் உறைந்து நின்றுவிடும். வேறு வடிகட்டி போட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். இறந்தவர்களின் சிறுநீரகத் திசுவை ஆராய்ந்தபோது மிக அதிகமாகக் காணப்பட்டது, சிறுநீரை உருவாக்கும் நுண்குழாய்களின் காயம்தான். இது ஒரு வகையில் நல்ல செய்தி. ஏனென்றால் நுண்குழாய்ச் செல்கள் மறுபடி வளரக் கூடியவை. உங்கள் அப்பாவுக்கு நான்கு முறையோடு டயாலிசிஸ் நின்றதற்கும் பெரும்பாலும் அதுவே காரணம்.

வைரஸ் நேரடியாகச் சிறுநீரகத்துக்குள் புகுந்து கெடுத்ததா என்பது உறுதியாகாத பகுதி. வைரஸ் பற்றிக்கொள்ளும் ஏ.சி.ஈ.2 என்ற புரதம் நுண்குழாய்ச் செல்களில் நிறைய இருக்கிறது. அதனால் புக முடியும் என்று நினைக்க நியாயம் உண்டு. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைரஸைப் பார்த்ததாக முதலில் சிலர் எழுதினார்கள். நல்ல செல்லிலேயே இயல்பாக இருக்கும் சிறு நுண்பைகளைத்தான் அவர்கள் வைரஸ் என்று எண்ணிவிட்டார்கள் என்று வேறு சிலர் மறுத்தார்கள். வைரஸின் மரபுப் பொருள் சில சிறுநீரகங்களில் கிடைத்தது. அது அங்கே பெருகிச் சேதம் செய்ததா என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. வடிகட்டும் பகுதியே சுருங்கிப்போகும் ஒரு தனி நோய் கொரோனாவால் வந்தது உண்மைதான். ஆனால் அது பெரும்பாலும் ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் காணப்படும் ஒரு மரபணு மாற்றத்தோடு சேர்ந்தே வந்தது. நம் பகுதியில் அதைச் சந்தேகிக்க வேண்டிய தேவை குறைவு.

ரெம்டெசிவிர் விஷயத்தில் உங்கள் சந்தேகம் காரணமில்லாதது அல்ல. அந்த ஊசியைக் கரைப்பதற்காகச் சேர்க்கும் சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற பொருள் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அது தங்கிவிட்டால் தீங்கு நேரலாம் என்ற அச்சத்தில், சிறுநீரகத் திறன் (ரத்தத்தை வடிகட்டும் வேகத்தைக் கிரியேட்டினினிலிருந்து கணக்கிடும் eGFR என்ற எண்) 30க்குக் கீழே இருந்தால் கொடுக்கக் கூடாது என்று அப்போது எழுதி வைத்திருந்தார்கள். பின்னால் சேர்ந்த அனுபவம் அந்த அச்சத்தைப் பெருமளவு போக்கிவிட்டது. 2023 ஜூலையில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம், டயாலிசிஸ் செய்பவர்களுக்கும் அளவைக் குறைக்காமலேயே கொடுக்கலாம் என்று அனுமதித்தது. எனவே அந்த ஊசிதான் கிட்னியை எடுத்துவிட்டது என்பதற்கு ஆதாரம் வலுவாக இல்லை. உங்கள் அப்பா ஒருவருடைய விஷயத்தில் அதன் பங்கு துளியும் இல்லை என்று இங்கிருந்து சான்றிதழ் கொடுக்க என்னால் முடியாது; ஆனால் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. மருத்துவமனையில் கேஸ் ஷீட்டின் நகல் கேளுங்கள். முதல் ஊசி போட்ட தேதியையும், கிரியேட்டினின் ஏறத் தொடங்கிய தேதியையும், ரத்த அழுத்தம் இறங்கிய அல்லது வென்டிலேட்டர் வைத்த தேதியையும் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள். ஊசிக்கு முன்பே ஏறத் தொடங்கியிருந்தால் அந்தக் கேள்வி அங்கேயே முடிந்தது. வென்டிலேட்டர் வைத்த மறுநாள் ஏறியிருந்தால் காரணம் பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கிறது.

மருந்துகளைச் சந்தேகிப்பதென்றால் என் பட்டியலில் முதலில் வருபவை வேறு. மருத்துவமனைக்கு வரும் முன் உடம்பு வலிக்காக மெடிக்கல் கடையில் வாங்கிப் போட்ட டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள், உடம்பு வறண்டிருந்த நேரத்தில், மிகக் கெட்டவை. ஐ.சி.யூ.வில் கொடுத்த கொலிஸ்டின், வான்கோமைசின் போன்ற ஆண்டிபயாட்டிக்குகளும் சிறுநீரகத்தைத் தாக்கக் கூடியவை. ஆனால் உயிர் போகும் தொற்றில் அவற்றைத் தவிர்க்க வழியிருக்காது. கருப்புப் பூஞ்சைக்குக் கொடுத்த ஆம்ஃபோடெரிசினில் லிப்போசோமல் வகை கிடைக்காமல் பழைய வகையைப் போட வேண்டி வந்தவர்களுக்குச் சிறுநீரகம் நன்றாகவே அடிபட்டது. உங்கள் அப்பாவுக்கு அந்தச் சிக்கல் இல்லை. பலர் குற்றம் சொல்லும் நெஞ்சு சி.டி. ஸ்கேன் பெரும்பாலும் நிறமருந்து ஏற்றாமல் எடுத்தது. சிறுநீரகத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதே நேரத்தில், எதிர்ப்பு சக்திக்கென்று எல்லோரும் தாராளமாக ஏற்றிய வைட்டமின் சி, மிக அதிக அளவில் போனால், ஆக்சலேட் உப்பாகச் சிறுநீரகத்தில் படியும் என்பதை யாரும் பேசுவதில்லை. ஸ்டீராய்டைப் பொறுத்தவரை, அது சர்க்கரையை ஏற்றியது, தசையைக் கரைத்தது. இருந்தும் இங்கிலாந்தின் ரெக்கவரி ஆய்வில் டெக்ஸாமெதசோன் பெற்றவர்களில் டயாலிசிஸ் தேவைப்பட்டவர்கள் குறைவாகவே இருந்தார்கள். அதைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

இப்போது, நான் மிக முக்கியம் என்று நினைக்கும் இடம். 2021க்கு முன்பே அவருடைய சிறுநீரகம் எப்படி இருந்தது? அப்போதே பல ஆண்டுகளாகச் சர்க்கரை இருந்தவர் அவர். சர்க்கரையால் வரும் சிறுநீரக நோய் வலிக்காது, வீங்காது, பல ஆண்டுகள் சிறுநீரில் சிறிதளவு ஆல்புமின் என்ற புரதமாக மட்டுமே வெளிப்படும். அது ஏற்கெனவே இருந்திருந்தால் கொரோனா அதன் மேல் விழுந்த அடி. இல்லாதிருந்தால் கதை வேறு. இதைத் தெரிந்துகொள்ள பழைய சீட்டு ஒன்று போதும். எல்லைப் பகுதியில் இது எளிதில் கிடைப்பதில்லை என்பதை அறிவேன்: சுகர் மாத்திரை உங்கள் பக்கத்துச் சுகாதார நிலையத்தில், பெரிய நோய்க்குக் கோவை, நடுவில் ஏதோ ஒரு லேப், ஒரு பக்கத்துச் சீட்டை மறுபக்கத்தில் யாரும் கேட்பதில்லை. ஆனால் கண்புரை அறுவைக்கோ குடலிறக்க அறுவைக்கோ முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் பெரும்பாலும் இருந்திருக்கும். பீரோவில் எல்.ஐ.சி. பத்திரங்களோடு அந்தக் கவரும் கிடக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

கொரோனாவோடு வந்த சிறுநீரகப் பாதிப்பு, வேறு நோய்களோடு வரும் அதே பாதிப்பைவிடப் பின்னாளில் மோசமானதா என்ற கேள்விக்கும் தெளிவான பதில் கிடையாது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திலிருந்தே இரண்டு ஆய்வுகள் வந்தன. 2021இல் வந்தது, வீடு திரும்பிய பிறகு சிறுநீரகத் திறன் வேகமாகக் குறைகிறது என்றது. 2024இல் வந்தது, நீண்ட காலத்தில் பார்த்தால் மற்ற நோய்களோடு வந்த பாதிப்பைவிட இவர்களுடைய நிலை நன்றாகவே இருக்கிறது என்றது. நான் இரண்டாவதன் பக்கம் சாய்கிறேன். தீவிர நோயோடு ஒத்துப்போகும் நுண்குழாய்க் காயம் என்பதால், உயிர் பிழைத்தவர்கள் பெரும்பாலும் தேறுகிறார்கள் என்பதே என் அனுபவமும். டயாலிசிஸ் வரை போனவர்களின் கணக்கு கடுமையானது: அமெரிக்கத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், டயாலிசிஸ் தேவைப்பட்டவர்களில் மூன்றில் ஒருவர்தான் உயிரோடு வீடு திரும்பினார், அப்படித் திரும்பிய 216 பேரில், ஐ.சி.யூ.வில் சேர்ந்து 60 நாள் ஆன பிறகும் டயாலிசிஸை விட முடியாதவர்கள் 18.1 சதவீதம். உங்கள் அப்பா அந்த இரண்டு சல்லடைகளையும் தாண்டி வந்தவர்.

இன்று செய்ய வேண்டியது அதிகமில்லை. 61 வயது ஆணுக்கு 1.8 என்றால் சிறுநீரகத் திறன் ஏறத்தாழ 42. மூன்றாம் நிலையின் பிற்பகுதி. ஒரே ஒரு பரிசோதனையை வைத்து நாட்பட்ட நோய் என்று முத்திரை குத்தக் கூடாது. மூன்று மாத இடைவெளியில் இன்னொரு முறை அதே லேபில் பார்க்க வேண்டும். காலையில் எடுத்த சிறுநீரில் ஆல்புமின்–கிரியேட்டினின் விகிதத்தை இதுவரை யாரும் பார்க்கவில்லை என்று உங்கள் கேள்வியிலிருந்து தெரிகிறது. எனக்கு 1.8ஐ விட அந்த எண்தான் வேண்டும். அது 30க்குக் கீழே இருந்தால் நோய் மெதுவாகவே நகரும், பழைய காயத்தின் தழும்புதான் இது என்று ஓரளவு நம்பலாம். 300க்கு மேல் இருந்தால் சர்க்கரை தன் வேலையைத் தொடர்ந்து செய்துகொண்டிருக்கிறது என்று பொருள், வேகமாகச் செயல்பட வேண்டும். வயிற்று அல்ட்ராசவுண்டில் சிறுநீரகங்களின் அளவையும், புராஸ்டேட் சுரப்பி அடைக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். கண்ணின் விழித்திரையில் சர்க்கரையின் தடம் இருந்தால் சிறுநீரகத்திலும் இருக்க வாய்ப்பு அதிகம். தசையின் தாக்கத்தை ஒதுக்கிவிட்டுப் பார்க்க சிஸ்டாட்டின் சி என்ற பரிசோதனை உண்டு. ஸ்டீராய்டு எடுக்கும்போது அது தவறாக ஏறும் என்பதால் 2021இல் அதனாலும் பெரிய பயன் இருந்திருக்காது, இப்போது இருக்கிறது.

சிகிச்சையில் ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் இல்லாத வசதி இப்போது இருக்கிறது. டெல்மிசார்டன் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகளோடு, சர்க்கரைக்குக் கொடுக்கும் டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரையும் சிறுநீரக நோயின் நகர்வைத் தெளிவாகக் குறைக்கிறது என்பது 2020இல் வந்த பெரிய ஆய்விலிருந்து உறுதியாகிவிட்டது, விலையும் இறங்கிவிட்டது. தொடங்கிய சில வாரங்களில் கிரியேட்டினின் சிறிது ஏறும்; அதைப் பார்த்துப் பயந்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஆனால் வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் காய்ச்சல் வரும் நாட்களில் இந்த இரண்டு வகையையும் தற்காலிகமாக நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிட வேண்டும். பிரஷரை 130க்குள் வைத்திருங்கள். மூட்டு வலிக்கு மெடிக்கல் கடை மாத்திரை வேண்டவே வேண்டாம். இதற்காக மாதா மாதம் கோவைக்குப் பேருந்து ஏறத் தேவையில்லை. ரத்தமும் சிறுநீரும் உள்ளூரிலேயே பார்த்துக்கொண்டு, நான்கு மாதத்துக்கு ஒரு முறை சிறுநீரக மருத்துவரைப் பார்த்தால் போதும், இரண்டு பக்கத்துச் சீட்டுகளும் ஒரே கோப்பில் இருந்தால்.

டயாலிசிஸ் மறுபடி வருமா என்பதற்கு, அடுத்த ஓரிரு ஆண்டுகளுக்குள் வர வாய்ப்பு மிகக் குறைவு என்று 42 என்ற எண்ணை வைத்துச் சொல்லலாம். பத்தாண்டுக் கணக்கைச் சிறுநீர் ஆல்புமினும் சர்க்கரைக் கட்டுப்பாடும்தான் சொல்லும். உறவினர் சொல்லும் ஃபிஸ்டுலா, திறன் 20க்கும் கீழே வந்து தொடர்ந்து இறங்கும்போது யோசிக்க வேண்டிய அறுவை. இப்போது செய்தால் பயன்படாமலேயே அடைத்துப்போகும், இதயத்துக்கும் வீண் சுமை. அவர் சொல்வதில் எடுத்துக்கொள்ளக் கூடியது ஒன்று உண்டு: இடது கை முன்னங்கையின் ரத்தக் குழாய்களை ஊசி குத்தாமல் விட்டுவைக்கச் சொல்லுங்கள். ரத்தம் எடுக்கும்போதும் சலைன் போடும்போதும் புறங்கையைக் காட்டச் சொன்னால் போதும்.